விளக்கெரியாத சிடி பிளேயர்

போன மாதம் என் மருமகளோடு வேலை பார்க்கும் பெண் ஒருத்தி போனில் கூப்பிட்டாள். பழைய சிடி பிளேயர் ஒன்றை வாங்கி வீட்டில் இருக்கும் ஸ்டீரியோவோடு சேர்க்க ஆசையாம். இப்போது மறுபடியும் அதற்கு ஒரு மவுசு வந்திருக்கிறதாம். "ஆன்ட்டி, நீங்க அந்த வேலையிலேயே இருந்தீங்களாமே, என்ன பார்த்து வாங்கணும்?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். ட்ரே எப்படி வெளியே வருகிறது என்று பார், கடைசிப் பாட்டைப் போட்டுக் கேள், மூடியைக் கழற்றி உள்ளே துரு இருக்கிறதா பார் என்று வரிசையாகச் சொல்லி முடித்ததும், "அவ்வளவுதானா ஆன்ட்டி?" என்றாள். அவ்வளவுதான் என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகு மனசு ஆறவில்லை. பெட்டியைப் பற்றித்தான் சொன்னேனே தவிர, வாங்குகிறவரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தப் பெண் எப்படிப்பட்டவள், வீட்டில் யார் யார் கேட்பார்கள், எதற்காக இந்த ஆசை, எதையும் கேட்கவில்லை. இத்தனை வருஷம் அந்த வேலையில் இருந்துவிட்டு அதைக் கேட்காமல் விட்டோமே என்று நினைத்தபோது நெல்லையப்பன் ஞாபகம் வந்தது.

தொண்ணூறுகளில் நான் திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு கடையில் மெக்கானிக்காக இருந்தேன். பத்தாவது முடித்ததும் தையல் படிக்கச் சொன்னார் அப்பா. நான் பிடிவாதம் பிடித்து ஐ.டி.ஐ.யில் ரேடியோ, டி.வி. மெக்கானிக் பிரிவில் சேர்ந்தேன். படித்து முடித்துச் சில வருஷம் அங்கும் இங்குமாக ரேடியோவுக்கு ஈயம் வைத்துக் காலம் போனது. கல்யாணம் ஆகிப் பையன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகுதான் சங்கரபாண்டியன் அண்ணாச்சி கடையில் சேர்ந்தேன். பொம்பளை மெக்கானிக் என்றால் ஜங்ஷனில் அப்போது வேடிக்கை பார்ப்பார்கள். அண்ணாச்சி வேடிக்கை பார்க்கவில்லை. ஓடாத ஒரு டேப் ரிக்கார்டரை என் முன்னால் வைத்துவிட்டுக் காப்பி குடிக்கப் போனார். திரும்பி வந்தபோது அது பாடிக்கொண்டிருந்தது. "நாளைக்கு வந்திரு லெட்சுமி" என்றார். நேர்முகத் தேர்வு அத்தோடு முடிந்தது.

அவர் சரக்குக் கப்பலில் ரேடியோ ஆபீசராக இருந்தவர். பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு காலத்தில் நிலபுலத்தோடு இருந்த சைவக் குடும்பம். நிலமெல்லாம் போன பிறகு கப்பலுக்குப் போய், அலுத்துக் கரைக்குத் திரும்பிக் கடை வைத்தவர். கப்பல் பழக்கம் கரையிலும் விடவில்லை. ஒரு சொல்லை இரண்டு தடவை சொல்ல மாட்டார். சின்னப் பிள்ளை வந்தாலும் 'நீங்க' என்றுதான் பேசுவார், கடையில் என்னைத் தவிர. வாடிக்கையாளர் நிற்கும்போது அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஒரு பெட்டியை விற்கும்போது அதில் இருக்கும் குறையை முதலில் சொல்வார், விலையைக் கடைசியில் சொல்வார். இடையில் பாட்டு.

அந்த நாளில் புது சிடி பிளேயர் வாங்குவதென்றால் நடுத்தரக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகாது. எங்களிடம் வந்ததெல்லாம் வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் திரும்பியவர்கள் கொண்டுவந்த பெட்டிகள். ஆசைப்பட்டுத் தூக்கிவருவார்கள். பிறகு தங்கச்சி கல்யாணமோ வீட்டுக்குக் கூரை போடுவதோ வரும்போது எங்களிடம் கொண்டுவந்து கொடுப்பார்கள். மேலப்பாளையம், திசையன்விளை, உவரி என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் வரும்.

வந்ததும் நான் முதலில் பின்புறத்தைத் திருப்பி எத்தனை வோல்ட் என்று பார்ப்பேன். ஜப்பானிலேயே விற்பதற்காகச் செய்த பெட்டியை இங்கே நேரடியாகச் செருகினால் புகைதான் வரும். அடுத்து மூடியைக் கழற்றி முகர்ந்து பார்ப்பேன். கடற்கரை வீட்டில் இருந்த பெட்டிக்கு ஒரு வாசனை உண்டு. திருகாணித் தலையில் வெள்ளை பூத்திருக்கும், செம்பு பச்சையாகியிருக்கும். அப்படி இருந்தால் அது இப்போது பாடினாலும் நம்பக்கூடாது. ட்ரே தயங்கித் தயங்கி வந்தால் பயப்பட வேண்டாம், உள்ளே ஒரு ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கும், மாற்றிவிடலாம். சிடியை வைத்த பிறகு லென்ஸ் அதைப் படித்து இத்தனை பாட்டு என்று டிஸ்ப்ளேயில் காட்டும். அதற்கு ரொம்ப நேரம் எடுத்தாலோ, சுற்றி நின்று மறுபடி சுற்றினாலோ, லென்ஸுக்கு வயசாகிவிட்டது என்று அர்த்தம். சிடி உள்வட்டத்திலிருந்து வெளிவட்டத்துக்குப் படிக்கும். வாங்க வருகிறவர்கள் முதல் பாட்டைக் கேட்டுவிட்டுத் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். குறை கடைசிப் பாட்டில்தான் இருக்கும், தட்டின் ஓரத்தில்.

இதெல்லாம் என் வேலை. கேட்க வைப்பது அண்ணாச்சி வேலை. அவர் ஒரு காரியம் செய்வார். எந்தப் பெட்டியாக இருந்தாலும் கம்பெனிப் பெயர் மேல் கறுப்பு டேப்பை ஒட்டிவிடுவார். "பேரைக் கேக்காதீங்க, பாட்டைக் கேளுங்க" என்பார். வாங்க வந்தவர் தன் வீட்டு சிடி ஒன்றைக் கொண்டுவர வேண்டும். அதை முழுதாக உட்கார்ந்து கேட்க வேண்டும். பாதியில் எழுந்தால் விற்க மாட்டார். சூடேறிய பிறகுதான் பெட்டியின் குணம் தெரியும் என்பது அவர் கணக்கு. வாங்கிப் போன பிறகும் ஒரு வாரத்துக்குள் யார் திருப்பிக் கொண்டுவந்தாலும் காரணம் கேட்காமல் வாங்கிக்கொண்டு பணத்தைக் கொடுத்துவிடுவார். ஜங்ஷன் முழுக்க அந்தப் பெயர் இருந்தது எங்கள் கடைக்கு.

நெல்லையப்பன் ஒரு நாள் காலையில் மாடிப்படி ஏறி வந்தார். முப்பது வயது இருக்கும். வெள்ளைச் சட்டை, மடக்குக் குச்சி கையில். பாளையங்கோட்டையில் ஓர் அலுவலகத்தில் டெலிபோன் ஆபரேட்டர். பிறவியிலேயே கண் தெரியாது. கூட யாரும் வரவில்லை.

"சிடி பிளேயர் வேணும் அண்ணாச்சி. ஆம்ப்ளிபயரும் ஸ்பீக்கரும் வீட்ல இருக்கு. அதோட சேர்க்கணும்" என்றார். பையிலிருந்து ஒரு சிடியை எடுத்தார். நாதஸ்வரம். கூட வேலை பார்ப்பவரின் தம்பி சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து கொடுத்ததாம். "மாசக்கணக்கா கையில வச்சிருக்கேன். இதுவரைக்கும் ஒரு தடவ கூடக் கேக்கல" என்று சிரித்தார்.

டேப் இருக்கிறதே, அது போதாதா என்று நான்தான் கேட்டேன்.

"டேப்புல வேணும்ங்கிற பாட்டைத் தேட முன்னுக்குப் பின்னுக்கு ஓட்டிக்கிட்டே இருக்கணும்க்கா. எங்கன நிக்குதுன்னு தெரியாது. இதுல நம்பரை அமுக்குனா நேரா அந்தப் பாட்டுக்குப் போயிருமாமே. எனக்கு அது போதும்."

அண்ணாச்சி இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார். வழக்கம்போல் டேப் ஒட்டினார். ஒட்டும் சத்தத்தைக் கேட்டு, "என்ன ஒட்டுதீங்க?" என்று கேட்டார் நெல்லையப்பன். "பேரை மறைக்கேன்" என்று அண்ணாச்சி சொன்னதும் அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அண்ணாச்சி முகம் சிவந்து போனது. நானும் சிரித்துவிட்டேன்.

முதல் பெட்டியில் சிடியைப் போட்டதும் தவிலும் நாதஸ்வரமும் அறையை நிறைத்தன. நெல்லையப்பன் அசையவே இல்லை. முழுதும் கேட்டார். அதே சிடியை இரண்டாவது பெட்டியிலும் கேட்டார். பிறகு எழுந்து வந்து இரண்டு பெட்டிகளின் முகத்தையும் விரலால் பைய தடவினார்.

"மொதப் பெட்டி சத்தம் அருமையா இருக்கு. ஆனா பொத்தானெல்லாம் ஒரே மாதிரி வழவழன்னு இருக்கே. நம்பர் எங்கன?"

நம்பர் தனியாக இல்லை. ஒரே பொத்தானை அமுக்க அமுக்க டிஸ்ப்ளேயில் ஒவ்வொன்றாக மாறும், பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டாவதும் அப்படித்தான். நான் அதைச் சொன்னதும் அவர் முகம் வாடியது.

"அப்ப ஒவ்வொரு தடவையும் வீட்ல ஒரு ஆளைக் கூப்பிடணும்" என்றார்.

எனக்கு உள் அலமாரியில் கிடந்த பெட்டி ஞாபகம் வந்தது. உவரிக்காரர் ஒருவர் துபாயிலிருந்து கொண்டுவந்தது. முகத்தில் ஒன்று முதல் பத்து வரை தனித்தனியாகத் துருத்திக்கொண்டிருக்கும் பொத்தான்கள். லென்ஸ் புதிது போல இருந்தது. டிஸ்ப்ளே மட்டும் செத்துப்போயிருந்தது. வரும் வழியில் எங்கோ விழுந்து, எழுத்து ஒளிரும் கண்ணாடிக் குழாய் கெட்டுவிட்டது. மாற்றுக் குழாய் இங்கே கிடைக்காது. பார்த்தவர்களெல்லாம், ஓடுகிறதா இல்லையா என்று கூடத் தெரியாத பெட்டி எதற்கு என்று ஒதுக்கிவிட்டார்கள். உதிரிப் பாகத்துக்கு ஆகட்டும் என்று வைத்திருந்தோம்.

அதைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அண்ணாச்சி என்னை ஓரமாக அழைத்தார்.

"இதை அவருக்கு விக்கக் கூடாது" என்றார் மெதுவாக.

"ஏன் அண்ணாச்சி? அவுகளுக்குத்தான் பொருத்தமா இருக்கும்."

"கண்ணு தெரியாத மனுசன் தலையில விளக்கெரியாத பெட்டியைக் கட்டிட்டோம்னு ஊரு சொல்லும்."

"ஊருக்கா விக்கோம்?"

"லெட்சுமி..."

"அண்ணாச்சி, நான் இங்கனதான் இருக்கேன்" என்றார் நெல்லையப்பன். நாங்கள் நின்ற இடம் அவரிடமிருந்து நாலு எட்டுகூட இருக்காது.

அண்ணாச்சி அவர் முன்னால் வந்து நின்றார். குறையை ஒளிக்காமல் சொன்னார். டிஸ்ப்ளே எரியாது, சரி செய்யவும் முடியாது, கண் தெரிந்தவர்கள் யாரும் இதைச் சுலபமாகப் போட முடியாது, நாளைக்கு விற்கப் போனால் வாங்க ஆள் இருக்காது. நெல்லையப்பன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பாட்டைப் போடுங்க" என்றார். மறுபடி முழு சிடி. மூன்றாவது தடவை. முடிந்ததும் அவரே எழுந்து பொத்தான்களை எண்ணி, ஐந்தை அமுக்கினார். ஐந்தாவது பாட்டு வந்தது. இரண்டை அமுக்கினார், இரண்டாவது வந்தது. ஒரு சின்னப் பையனைப் போல மாற்றி மாற்றி அமுக்கிக்கொண்டே இருந்தார்.

"சத்தத்துல மொதப் பெட்டியை விட இது ஒரு பிடி குறைச்சல்தான். பரவால்ல. இதுதான் எனக்கு" என்றார்.

ஆட்டோவில் தானே மடியில் வைத்துக் கொண்டுபோனார். உதவிக்கு யாரும் வேண்டாம் என்றுவிட்டார்.

மறுநாள் அதே பெட்டி திரும்பி வந்தது. கொண்டுவந்தவர் நெல்லையப்பனின் அண்ணன், சிவசுப்பிரமணியன், வக்கீல். கோர்ட்டுக்குப் போகிற உடுப்பிலேயே வந்திருந்தார். பெட்டியை மேசையில் வைத்துவிட்டுச் சத்தம் போட ஆரம்பித்தார். கடை வாசலில் கூட்டம் கூடிவிட்டது.

"கண்ணு தெரியாதவன்னு தெரிஞ்சுதானே எரியாத பெட்டியைத் தலையில கட்டுனீங்க? நல்ல பேரு எடுத்த கடைன்னு நினைச்சேன். நீங்களுமா அண்ணாச்சி?"

"சார், அவுககிட்ட எல்லாம் சொல்லித்தான் குடுத்தோம். அவுகளுக்குத் தெரியும்" என்று நான் குறுக்கே பேசினேன்.

"அவனுக்கு என்னம்மா தெரியும்?" என்றார் என்னைப் பார்த்து. "ஒரு பொம்பள இருக்குத கடையில இந்த வேலை நடக்கலாமா? உங்க தம்பியா இருந்தா செய்வீங்களா?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அண்ணாச்சி ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். அவர் ஒன்றுமே சொல்லாமல் பணத்தை எடுத்து வக்கீல் கையில் கொடுத்தார். வக்கீல் போனார், கூட்டமும் கலைந்தது.

"நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"தம்பிக்காகக் கோவப்படுத மனுசன்கிட்ட என்ன பேச?" என்றார் அண்ணாச்சி. அவருக்கும் மனசு சரியில்லை என்பது குரலில் தெரிந்தது. ஆனால் எனக்கு ஆத்திரம் தணியவில்லை. நான் தேடி எடுத்துக் கொடுத்த பெட்டி. நான் ஏமாற்றுக்காரி என்று அத்தனை பேர் முன்னால் ஆகிவிட்டது.

அன்று சாயங்காலமே அந்தப் பெட்டி மறுபடி கைமாறியது. திசையன்விளையில் மைக் செட் வாடகைக்கு விடும் தங்கராஜ் சாமான் வாங்க வந்திருந்தார். மலிவாக ஏதாவது இருந்தால் கொடுங்கள் என்றார். குறையைச் சொல்லி அண்ணாச்சி அவருக்குக் கொடுத்துவிட்டார். கண் முன்னால் அது இருக்க வேண்டாம் என்று நினைத்திருப்பார்.

அடுத்த நாள் நெல்லையப்பன் வந்தார். படியில் குச்சியைத் தட்டும் சத்தத்திலேயே கோபம் தெரிந்தது. அண்ணனை வருத்தத்தோடு திட்டுவார், நம்மைச் சமாதானப்படுத்துவார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் கோபம் எங்கள் மேல் இருந்தது.

"நேத்து ஆபீஸ்லேர்ந்து வீட்டுக்குப் போனேன். ஆம்ப்ளிபயரோட சேர்த்துப் பாட்டுப் போடலாம்னு மேசையில கையை வச்சேன். வெறும் மேசை" என்றார். "அண்ணாச்சி, அந்தப் பெட்டியை வாங்குனது யாரு? நானா, எங்கண்ணனா?"

"நீங்கதான்."

"எங்கண்ணன் எடுத்துட்டு வாரப்ப என்கிட்ட கேக்கல. அவன் அப்படித்தான், சின்னப் பிள்ளையிலேர்ந்து அப்படித்தான். நீங்க யாரைக் கேட்டுத் திருப்பி வாங்குனீங்க? உங்ககிட்ட வந்தப்ப என்கிட்ட நேரா பேசுனீங்க. குறையை என்கிட்ட சொன்னீங்க. எனக்கு அது எவ்வளவு சந்தோசமா இருந்தது தெரியுமா? கடைசியில நீங்களும் எங்கண்ணன்கிட்டத்தான் முடிச்சிருக்கீங்க."

யார் கொண்டுவந்தாலும் காரணம் கேட்காமல் திருப்பி வாங்குவோம் என்பதைத்தான் எங்கள் நேர்மை என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். அதற்குள் இப்படி ஓர் ஓட்டை இருக்கும் என்று எனக்கும் தோன்றியதில்லை, அண்ணாச்சிக்கும் தோன்றியதில்லை. பெட்டியின் பெயரை மறைக்கத் தெரிந்த எங்களுக்கு, வாங்கியவர் யார் என்று ஒரு கேள்வி கேட்கத் தெரியவில்லை.

அண்ணாச்சி அவர் முன்னால் போய் நின்று, "தப்பு என்னோடது. உங்ககிட்ட கேட்டிருக்கணும்" என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து நான் அதற்கு முன் கேட்டதில்லை. பெட்டி திசையன்விளைக்குப் போய்விட்டதையும் சொன்னார். அதற்குப் பதில் கடையில் இருப்பதில் எது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

"வேண்டாம். எனக்கு அதுதான் வேணும். எங்கண்ணன் வாங்கிட்டு வந்த பணம் இந்தா இருக்கு."

"அப்ப லெட்சுமியை அனுப்புதேன். தங்கராஜுகிட்ட வேற நல்ல பெட்டியைக் குடுத்துட்டு அதை வாங்கிட்டு வரட்டும்."

"நானும் வாரேன்" என்றார் நெல்லையப்பன். "என் பெட்டி."

ஞாயிற்றுக்கிழமை இருவரும் பஸ் ஏறினோம். டிஸ்ப்ளே பளிச்சென்று எரியும் நல்ல பெட்டி ஒன்று என் மடியில் இருந்தது. என் வீட்டுக்காரர் பஸ் ஸ்டாண்டு வரை வந்து ஏற்றிவிட்டார். நாங்குநேரி தாண்டியதும் ஜன்னல் காற்றில் சூடு ஏறியது. இரண்டு பக்கமும் செம்மண்ணும் பனையுமாக இருந்தது. நெல்லையப்பன் தானாகவே பேச்செடுத்தார்.

"எங்கண்ணன் கெட்டவன் இல்லக்கா. அப்பா சாகும்போது எனக்கு ஆறு வயசு. அவன்தான் என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போவான். அவன் கூட்டாளியெல்லாம் வெளையாடப் போவாங்க, இவன் என் கையைப் பிடிச்சுக்கிட்டு நிப்பான். எனக்குச் சட்டை அவன்தான் எடுப்பான், செருப்பு அவன்தான். என்ன கலர்னு மட்டும் சொல்லுவான். என் சம்பாத்தியத்துல நானா போய் வாங்குன மொத சாமான் இதுதான்."

"இன்னைக்கு வாரதை அண்ணன்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன். பேப்பரை மடக்குத சத்தம் மட்டும் கேட்டுது."

தங்கராஜ் கடையில் குழாய் ஸ்பீக்கர்களும் சீரியல் விளக்குச் சுருள்களும் கூரை வரை அடுக்கியிருந்தன. எங்கள் பெட்டி ஒரு பெஞ்சின் மேல் இருந்தது. நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். மடியில் கொண்டுவந்ததைச் செருகிக் காட்டினேன். அவர் அதைப் பார்த்தார், இதைப் பார்த்தார். முகத்தில் சந்தேகம் வந்துவிட்டது.

"எரியுத பெட்டியைத் தாரேன், எரியாத பெட்டியைத் தாங்கன்னு கேக்குதீங்க. அப்படின்னா இதுக்குள்ள என்னமோ இருக்குக்கா."

"ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. இந்த சார் இதைத்தான் வாங்கினாங்க. இடையில மாறிப்போச்சு."

"இவுகளுக்கு எதுக்குக்கா இது? இவுகளுக்குப் பாட்டுப் பிடிக்குமா?"

இரண்டு பேருக்கும் நடுவில் நெல்லையப்பன் நின்றுகொண்டிருந்தார். அவரைப் பற்றிய எல்லாக் கேள்வியையும் தங்கராஜ் என்னிடமே கேட்டார். எந்த ஊர், என்ன வேலை, கூட யார் இருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாக. நானும் முதல் இரண்டு கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டேன். அது பழக்கம், யோசிக்காமல் வந்துவிடுகிறது.

"அண்ணாச்சி" என்றார் நெல்லையப்பன். "நீங்க தரமாட்டேன்னாலும் எனக்குச் சரிதான். காசு குடுத்து வாங்கியிருக்கீங்க, உங்க சாமான். ஆனா தரமாட்டேன்னு என்கிட்ட சொல்லுங்க. அக்காகிட்ட சொல்லாதீங்க."

தங்கராஜ் அப்போதுதான் அவர் பக்கம் திரும்பினார். "தப்பா நினைச்சுக்கிடாதீங்க தம்பி" என்று ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். நெல்லையப்பன் உட்காரவில்லை. பெஞ்சைத் தடவிப் பெட்டியைக் கண்டுபிடித்தார். உள்ளே ஏதோ சிடி கிடந்தது. நாலாவது பொத்தானை அமுக்கினார், பாட்டு வந்தது. எட்டை அமுக்கினார், ஒன்றை அமுக்கினார்.

"இதுக்குள்ள இருக்கது இதுதான். வேற ஒண்ணும் இல்ல" என்றார்.

பார்த்துக்கொண்டிருந்த தங்கராஜ் திடீரென்று சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பை அடக்க முடியாமல் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"தம்பி, நிசத்தைச் சொல்லுதேன். வெள்ளிக்கிழம ஒரு கல்யாணத்துக்கு இதைக் கொண்டுபோனேன். எந்தப் பாட்டுல நிக்குதுன்னு ஒரு எழவும் தெரியல. மாப்பிள்ளை மணவறையில ஏறுதான், இது ஒப்பாரிப் பாட்டைப் போட்டுட்டு. பொண்ணோட தாய்மாமன் என்னை அடிக்க வந்துட்டான். அதைச் சொல்ல வெக்கப்பட்டுத்தான் இவ்வளவு நேரம் மல்லுக்கட்டுனேன். எடுத்துட்டுப் போங்க!"

மூன்று பேரும் சிரித்தோம். பதநீர் வாங்கிக் கொடுத்துத்தான் அனுப்பினார். பஸ் ஏறும்போது ஒரு கையில் குச்சியும் ஒரு கையில் பெட்டியுமாகத் தடுமாறிய நெல்லையப்பனிடமிருந்து பெட்டியை வாங்கப் போனேன். பிறகு கையை இழுத்துக்கொண்டு, "நான் பிடிக்கட்டா?" என்று கேட்டேன். "பிடிங்கக்கா" என்றார்.

அண்ணாச்சி அந்த வாரமே வழக்கத்தை மாற்றினார். "இனிமே வாங்குனவுக வந்தாத்தான் திருப்பி வாங்கணும். வேற யார் வந்தாலும் உக்கார வச்சுக் காப்பி குடுப்போம்" என்றார். சொன்னபடியே செய்தார். புருஷன் வாங்கியதை மாமனார் கொண்டுவந்தார், மகள் வாங்கியதை அப்பா கொண்டுவந்தார். எல்லாருக்கும் காப்பி கிடைத்தது. சிலர் திட்டினார்கள். அதுவரை இருந்த பெயர் கொஞ்சம் குறையத்தான் செய்தது. அண்ணாச்சி கவலைப்படவில்லை.

பெட்டியை ஆம்ப்ளிபயரோடு சேர்த்துக் கொடுக்க முருகன்குறிச்சியில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். போக எனக்குப் பிடிக்கவில்லை. வக்கீல் முன்னறையில் கேஸ் கட்டைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். நெல்லையப்பனின் மதினி, வக்கீலின் மனைவி, உள்ளேயிருந்து வந்து, "வாங்க, இந்தப் பெட்டியாலதானா வீட்ல ரெண்டு பேரும் பேசிக்கிடாம இருக்காங்க" என்று சிரித்தபடி காப்பி கொடுத்தார்.

உள்ளறையில் ஆம்ப்ளிபயரை நகர்த்திவைத்து, ஒலியை முழுக்கக் குறைத்துவிட்டு, சிவப்பும் வெள்ளையுமான பின்களைப் பின்னால் உரிய துளைகளில் செருகினேன். எந்தப் பக்கம் எது என்று நெல்லையப்பன் விரலால் தொட்டுத் தெரிந்துகொண்டார். ஸ்பீக்கர்களைச் சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்தோம். அவரே சிடியைப் போட்டார். டிஸ்ப்ளே இருக்க வேண்டிய இடம் கறுப்பாக இருந்தது. ஒரு நொடி ஒன்றும் இல்லை. பிறகு நாதஸ்வரம் எடுத்தது. அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது.

இரண்டாவது பாட்டு முடியும் நேரத்தில் வக்கீல் வாசற்படியில் வந்து நின்றார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். என்னிடம் அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. பெட்டியின் முகத்தைக் குனிந்து பார்த்தார். ஒரு பொத்தானை அமுக்கினார். பாட்டு நின்றுவிட்டது. வேறொன்றை அமுக்கினார். எங்கோ நடுவில் தவில் மட்டும் கேட்டது.

"லே, அந்த ரெண்டாவது பாட்டை மறுபடி கேக்கணும்னா எதை அமுக்கணும்?" என்றார்.

நெல்லையப்பன் எழுந்து வந்து, அண்ணன் கை எங்கே இருக்கிறது என்று தடவிக் கண்டுபிடித்து, சுட்டுவிரலைப் பிடித்து முதல் பொத்தானின் மேல் வைத்தார்.

"இங்கேர்ந்து எண்ணணும்ணே. கண்ணை மூடிக்கோ, இல்லைன்னா தப்பிப் போயிரும்."

வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார்.